ஆண்டிபட்டிக்கு முன் நிரப்பிய கட்டங்கள்

முதலில் எரிந்தது சாம்பார்தான். மார்க்கையன்கோட்டையில் ஒரு பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒரு கரண்டி வாங்கி நான் ருசி பார்க்க வேண்டும். 2005 ஆடியில் ஒரு நாள் அந்த ஒரு கரண்டி நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நெருப்பாய்ப் பிடித்துக்கொண்டது.

"ஏ பேச்சி, மொளகாப்பொடிய மூட்டையோட கவுத்திட்டியா?" என்று கத்தினேன்.

"எப்பவும் போடுற கரண்டிதேன் டீச்சர்," என்றாள் சமையலர் பேச்சியம்மாள்.

மறுநாளும் எரிந்தது. மூன்று மாதம் அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் பொடியைக் குறைத்துக்கொண்டே போனாள். சாம்பார் சப்பென்று இருக்கிறது என்று பிள்ளைகள் பாதியில் எழுந்து தட்டைக் கழுவப் போனார்கள். என் எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. கோளாறு அண்டாவில் இல்லை, என் வாயில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் புகையிலையைத் தொட்டவள் இல்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, வாசனைப் பாக்குப் பொட்டலம், அது மட்டும்தான். ஒரு நாளைக்கு ஏழெட்டு. பிள்ளைகூட வாங்கித் தின்கிற இனிப்புப் பாக்கு, அது என்ன செய்யும் என்ற தைரியம். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது அதே தைரியம் இருந்தால், தயவுசெய்து கண்ணாடி முன் நின்று வாயை ஆவென்று திறந்து பாருங்கள்.

ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் குழிப்பணியாரம் வைத்தார்கள். முழுசாக வாய்க்குள் போகவில்லை. பிய்த்துப் பிய்த்துத் தின்றேன். பக்கத்து இலைக்காரி, "என்ன டீச்சர், புதுப்பொண்ணு கணக்கா தின்கிறீக?" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கன்னம் இழுத்தது.

சின்னமனூர்ப் பல் மருத்துவர் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்று போனது. இரண்டாவது பாதியில் நின்றது.

"பாக்கு போடுவீங்களா?"

"எப்பவாச்சும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் எழுதினார். வாய்ச் சவ்வு இறுக்கம் (கன்னத்தின் உள் சவ்வுக்கு அடியில் திசு நார்நாராகத் தடித்து, வாயைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்வது). மதுரையில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். இது சிலருக்குப் புற்றாக மாறக்கூடும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மதுரையில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு டாக்டரம்மா இந்த நோய்க்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்குக் கன்னத்தில் ஊசி, மறு பிரிவுக்கு மாத்திரை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். எது அதிகம் பலன் தருகிறது என்று பன்னிரண்டு வாரம் அளந்து பார்ப்பார்கள். சேருவதும் விலகுவதும் என் விருப்பம், விலகினாலும் வைத்தியம் நிற்காது என்று தமிழில் எழுதிய தாளைப் படித்துக் காட்டினார்.

என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "அப்ப ஒன்ன வச்சு சோதிச்சுப் பாக்கப் போறாகளா?" என்றார்.

"யாரையாச்சும் வச்சுத்தான பாக்கணும்?" என்று கையெழுத்துப் போட்டேன். வீராப்புதான்.

உறையில் எனக்கு ஊசி வந்தது. மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவே அளவுகோலை வைத்து அளந்தார். பத்தொன்பது மில்லிமீட்டர். சனிக்கிழமைதோறும் ஊசி. அதோடு இரு பிரிவுக்கும் பொதுவாக ஒரு பயிற்சி: ஐஸ் குச்சிகளை அடுக்கி, கடைவாய்ப் பற்களுக்கு இடையில் செருகி, வாயை விரித்துப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முறை. செய்ததைக் குறிக்க ஒரு நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து கட்டம். ஆறாவது கட்டம் பாக்குக்கு: ஆம் அல்லது இல்லை.

அந்தக் குச்சி வலியை எப்படிச் சொல்ல? காது வரைக்கும் கிழிகிற மாதிரி இருக்கும். கண்ணில் தண்ணீர் கொட்டும். முதல் வாரம் இரண்டு நாள் செய்தேன். பிறகு குச்சிகளைத் தூக்கி அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டேன். பாக்கை விட்டேனா? ஏழெட்டு இரண்டானது. அதற்கே என்னை நான் மெச்சிக்கொண்டேன்.

நோட்டு மட்டும் குறையில்லாமல் நிரம்பியது. எனக்குப் பதிவேடு புதிதா? பள்ளியில் தினமும் தலை எண்ணிக்கையைத் துண்டுச் சீட்டில் குறித்து வைத்து, மாதக் கடைசியில் ஒரே மூச்சில் ஏற்றுவது என் கெட்ட பழக்கம். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் முப்பது நாளையும் ஒரே மத்தியானத்தில் எழுதியிருப்பேன். இங்கே எண்ணிக்கையே பொய். சனிக்கிழமை பேருந்து தேனியைத் தாண்டியதும் நோட்டை மடியில் விரிப்பேன். சில கட்டத்துக்கு நீல மை, சில கட்டத்துக்குக் கறுப்பு. பாக்குக் கட்டத்தில் எல்லா நாளும் 'இல்லை'. நம்பும்படி இருக்க வேண்டுமென்று வாரத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவேன். ஆண்டிபட்டிக் கணவாய் வளைவில் எழுத்து கோணும். அதனால் ஆண்டிபட்டி நிறுத்தம் வருவதற்குள் ஏழு நாளையும் முடித்துவிடுவேன். ஒரு வாரம் டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, "இவ்வளவு சுத்தமா யாருமே எழுதலம்மா," என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்டவள், பெருமையாக இருந்தது!

பன்னிரண்டாவது சனிக்கிழமை அளந்தார். பதினெட்டு. இருந்ததிலும் ஒன்று குறைந்திருந்தது. இடது கன்னத்தில் வெளுத்த திட்டு ஒன்றும் இருந்தது. அதிலிருந்து கடுகளவு சதையை எடுத்துத் திசு ஆய்வுக்கு (நுண்ணோக்கியில் வைத்துப் புற்றின் அறிகுறி தேடும் சோதனை) அனுப்பினார்.

"நீங்க எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சிருக்கீங்கம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஊசிக்கு உங்க வாய் கேக்கலன்னுதான் எழுதணும். அடுத்தது ஆபரேஷன்தான்."

வெளியே வராந்தாவில் செல்வராசு உட்கார்ந்திருந்தார். ஜெயமங்கலத்துக்காரர், லாரி ஓட்டுகிறவர், அதே ஊசிப் பிரிவு. என்னைவிட நாலைந்து வாரம் பிந்திச் சேர்ந்தவர், என் நோட்டைப் பார்த்திருக்கிறார். எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"ஏக்கா, குச்சி வச்சு, பாக்க விட்டு, ஊசியும் போட்டு ஒங்களுக்கே தொறக்கலன்னா எனக்கு மட்டும் எங்கன தொறக்கப் போகுது? இந்தப் பாடு எதுக்கு?" என்றபடி சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பல்லால் கிழிக்கப் போனார்; வாய் போதாமல் நகத்தால் கிழித்தார்.

அவர் கையைப் பிடித்தேன். "கிழிக்காத தம்பி. நான் செய்யல. ஒண்ணும் செய்யல. அம்புட்டும் பஸ்ல வச்சு எழுதுனது."

அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போய் அதையே திரும்பச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, செய்யலன்னு எழுதியிருக்கலாமே? அதுக்கும்தானே அந்தக் கட்டம்?"

"காலியா விட்டா வைவீகன்னு நெனச்சேன்."

"காலியா இருந்தா, ஊசி மட்டும் போதாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப உங்களால நான் ஒரு மருந்தையே தப்புன்னு எழுத இருந்தேன்." அவர் கண் கலங்கியிருந்தது. நான் அங்கேயே செத்திருக்கலாம்.

நோட்டைக் கிழித்துவிடச் சொன்னேன். முடியாது என்றார். எழுதியது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பதிவேட்டுக்கும் அதே விதிதான். பன்னிரண்டு பக்கத்திலும் கோடு போட்டேன். முதல் வாரத்து இரண்டு நாள் தவிர மற்றதற்கெல்லாம் 'செய்யவில்லை', எல்லா நாளுக்கும் 'பாக்கு: ஆம்' என்று எழுதினேன். என் பெயரை அவர் எடுக்கவில்லை. செய்யாதவள் என்றே ஆராய்ச்சியில் இருக்கிறேன். குச்சியை ஒழுங்காகச் செய்து பார்க்கும்வரை ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளி வைத்தார்.

செல்வராசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கிழித்த பொட்டலத்தைக் கீழே போடவில்லை; மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கடிதம் போட்டும் பதில் இல்லை என்றார் டாக்டரம்மா.

திசு ஆய்வின் முடிவு வரப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை. புற்று இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன (இப்போது புற்று அல்ல, நாளை ஆகாது என்று சொல்லவும் முடியாது). மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், ஆயுள் முழுக்க.

பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கு டீச்சர். பொடிய நான் கொறச்சதுல பிள்ளைகதேன் பாவம்," என்றாள். மறுநாளிலிருந்து பழைய கரண்டி. ருசி பார்ப்பது அவள் வேலையானது. ஜன்னலில் கிடந்த குச்சிகள் பள்ளிச் சமையலறைக்கு வந்தன. மணியடித்தால் போதும், "வாயத் தொறங்க" என்று எதிரில் வந்து நிற்பாள். நான் அழுவேன், அவள் அசைய மாட்டாள். எட்டு மாதத்தில் இருபத்தாறு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. இரண்டு விரல் போகிறது. மூன்றாவது விரல் வெளியே நிற்கிறது, அது இனி நுழையாது. கொட்டாவி வந்தால் பாதியில் முட்டி நிற்கும். முன்பெல்லாம் வாய் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது விழித்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறேன்.

நோட்டு கேட்பார் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், அன்றன்றைக்கு, ஒரே மையில். பாக்குக் கட்டத்தில் 'இல்லை' என்பது இப்போது நிஜம். மதுரைக்குப் போகும்போது கையில் வைத்திருப்பேன். வராந்தாவில் ஏறியதும் செல்வராசு உட்கார்ந்திருந்த இடத்தை என் கண் தேடும். போன சனிக்கிழமை பேருந்தில் நோட்டைத் திறந்தேன். வியாழக்கிழமை நான்காவது கட்டம் காலியாக இருந்தது. ஆண்டிபட்டி வந்தது, கணவாய் வந்தது. காலியாகவே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன்.