மாமா அடைக்காமல் விட்ட ஓட்டை

புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள், சிலர் டிவி எத்தனை இஞ்ச் என்று பார்ப்பார்கள். என் மாமா ஓட்டைகளைப் பார்ப்பார். அம்மாவின் தம்பியான அவர், தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் குளிர் அறைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். கடலோரத்தில் குளிர் அறைக்கு முதல் எதிரி வெளியே நிற்கும் ஈரக் காற்றுதான். எறும்பு நுழையும் இடுக்கு கிடைத்தால் போதும், உள்ளே வந்து தண்ணீராக வழிந்து, பிறகு பனிக்கட்டியாகி கதவையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த எதிரியோடு பழகிப் பழகி, கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் மாமா ஏசி குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தையே முறைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது, நான் நாலாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை வரைக்கும்.

அப்பா மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ராத்திரி பஸ் ஓட்டினார்; பாதி வழியில் எதிரே வரும் பஸ்ஸுக்கு மாறி, தினமும் மதுரைக்கே திரும்பிவிடுவார். காலையில் ஒன்பது மணிக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் சாயங்காலம் ஐந்து வரை தூங்கியாக வேண்டும். ஊரே விழித்திருக்கும்போது தூங்குகிற பிழைப்பு. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுத் தலைக்கு மேலே மொட்டை மாடி. சித்திரை பிறந்துவிட்டால் மத்தியானம் அப்பா தூங்கும் அறையின் சுவரில் கை வைக்க முடியாது. அப்பா தரையில் தண்ணீரைத் தெளித்துப் பாயை விரித்து, புரண்டு புரண்டு பாயையே தேய்த்துவிட்டார்.

ஒரு நாள் காலை வந்தவர் சாப்பிடாமல் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அடுப்படி வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. விராலிமலை தாண்டி ஒரு நொடி கண் அசந்துவிட்டதாம். முழித்தபோது முன்னால் போன லாரியின் பின் விளக்கு கண்ணுக்குள்ளேயே இருந்ததாம். பஸ்ஸில் நாற்பது பேர். அம்மா தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது.

வந்ததோடு சரி. அது காலை முதல் மாலை வரை ஓயாமல் ஓடியது, அறை மட்டும் குளிரவில்லை. மாட்டிய ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், "அக்கா, இந்த ரூமுக்கு ஒரு டன்னு பத்தாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அப்பா முன்பு போலவே சிவந்த கண்ணோடு பஸ்ஸுக்குப் போனார். அம்மா விடிய விடிய போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழித்திருந்தாள்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மாமா நான்கு நாள் விடுப்பில் வந்தார். வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அறைக்குள் போய் நின்று மூக்கை உயர்த்தினார். "ஒரு டன்னு தாராளம்க்கா. நீ பழங்காநத்தத்துக்கே ஏசி போட்டுக்கிட்டிருக்க" என்றார். அதற்குப் பிறகு அழகர் ஆற்றில் இறங்கினார், மாமா எங்கள் வீட்டு ஓட்டையில் இறங்கினார்.

மின்விசிறியை நிறுத்தி, ஏசியை மட்டும் ஓடவிட்டு, கதவைச் சாத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்தார். "மருமகளே, கைய ஆட்டாமப் பிடி. பொக எங்குட்டுக் கோணுதோ அங்குட்டு நமக்கு வேலை." இவ்வளவுதான் அவருடைய கருவி. பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை ஜன்னல் பலகை ஓரத்தில் முகத்தில் அடித்தது. சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் சிதறியது. பரண் பலகைகளுக்கு நடுவிலிருந்து சூடு இறங்கி அதைக் கீழே தள்ளியது. ஏசி குழாய்க்காக அந்த ஆள் போட்ட துளையில் என் கையே நுழையும் போலிருந்தது. மேலே இருக்கும் ஓட்டை வழியாகச் சூடு உள்ளே வரும், கீழே இருக்கும் ஓட்டை வழியாகக் குளிர் வெளியே போகும், ரெண்டும் கூட்டுக் களவாணிகள் என்று மாமா விளக்கினார். "மதுரைக் காத்து வெறும் திருடன். எங்க ஊருக் காத்து திருடிட்டு, சொவத்தயும் ஈரமாக்கிட்டுப் போகும்" என்று தூத்துக்குடியை விட்டுக்கொடுக்காமல் பேசினார்.

ஒவ்வொரு இடத்துக்கும் அவரிடம் ஒரு மருந்து இருந்தது. ஜன்னலுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை, குழாய்த் துளைக்கு வெள்ளை சிமெண்ட், சுவிட்ச் பெட்டிக்குப் பசை. அறைக் கதவின் அடிக்கு அப்பாவின் பழைய வேட்டியைத் தைத்து, மணலை நிரப்பி, பாம்பு மாதிரி நீளமாக ஒரு பொதி செய்தார். பூசிய இடத்தை விரலால் ஒரு முறை நீவிப் பார்த்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்வார். வேர்வை சொட்டச் சொட்ட, அவசரமே இல்லாமல் அவர் செய்ததை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த சின்ன ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்தார். ஆள் தூங்குகிற அறையில் அந்த அளவுக்காவது காற்று மாற வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

கடைசியாக மிஞ்சியது அந்த அறையின் மறு சுவரில் இருந்த நடுக் கதவு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது உண்மையில் அரை வீடு. மறு பாதியில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, குடும்பத்தோடு இருந்தார். மாடிப்படி யாருக்கு என்று தொடங்கிய சண்டை, நடுக் கதவைப் பூட்டிக் குறுக்கே சட்டம் அடிப்பதில் முடிந்திருந்தது. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பேச்சில்லை என்றால் பேசவில்லை என்று பொருள் கிடையாது. அதற்குத்தான் ஜாடைப் பேச்சு இருக்கிறது. பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை அம்மா விளக்குமாற்றிடம் உரக்கச் சொல்வாள். பெரியம்மா தன் பதிலைத் தன் வீட்டுப் பூனையிடம் சொல்வார். அந்தக் கோடையில் பெரியம்மாவுக்குப் பூனை தேவைப்படவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகளுக்குப் பிறந்த மூன்று மாதக் குழந்தை இருந்தது, அதனிடம் பேசினார்.

நடுக் கதவின் அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. நான் ஊதுபத்தியைத் தரையோடு பிடித்ததும் புகை சட்டென்று மடங்கி, கதவுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. உடனே பெரியம்மாவின் குரல் கேட்டது. "பாத்தியாடா சாமி, நாம செய்வினை வச்சுட்டோம்னு பூச போட்டுப் பொகையா அனுப்புறாக. நமக்கு அந்த வேலையெல்லாம் தெரியுமாடா?" குரல் கடைசியில் உடைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து அந்த இடுக்கு வழியாகப் பார்த்தார். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். கதவை ஒட்டி ஒரு பாய். அதில் உடம்பெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடக்க, குழந்தை எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் அம்மாவான பெரியம்மா வீட்டு அக்கா உட்கார்ந்த வாக்கிலேயே அசந்திருந்தார்.

மாமா என் கையிலிருந்த ஊதுபத்தியை வாங்கி அணைத்தார். பிறகு அந்த அணைந்த குச்சியிடம் உரக்கச் சொன்னார்: "நீ காத்து போற எடத்தக் காட்டத்தான் வந்த. வேற பூசையெல்லாம் உனக்குக் கிடையாது." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இது சரியாத்தான் இருக்கு மருமகளே" என்றார். புகை போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன். பெரியவர்கள் சரி என்றால் சரிதான் என்று அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் அறைக்குள்ளிருந்து வந்த உறுமல் திடீரென்று நின்றது. "ஐயோ, கரண்டு போயிருச்சு" என்று அம்மா பதறி ஓடினாள். கரண்ட் இருந்தது. அறை போதுமான அளவு குளிர்ந்து, ஏசி தானாக ஓய்ந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து அது ஓய்ந்து அம்மா பார்த்ததில்லை. அப்பா ஐந்து மணிக்கும் எழுந்திருக்கவில்லை, உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. முகம் கழுவி வந்தவர் கண்ணில் சிவப்பில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். தெருவில் நான்கு பேர் வந்து பார்த்து, "அண்ணே, எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வாங்க" என்று கேட்டார்கள். என் மாமாவைப் போல ஒரு மனிதர் உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்றுவரை அதை மாற்றவில்லை.

மாமா ஊருக்குப் போன பிறகுதான் எனக்கு உறுத்தல் தொடங்கியது. இவ்வளவு பெரிய மனிதர் ஓர் ஓட்டையை விட்டுவிட்டார், அது எனக்கு மட்டும் தெரியும். வேறு யாராவது கண்டுபிடித்தால் மாமாவை மறுபடி கேலி செய்வார்களே. எனவே என் பழைய பாவாடையைச் சுருட்டி, உள்ளே தலையணைப் பஞ்சை அடைத்து, மாமா செய்தது போலவே ஒரு பொதி செய்து நடுக் கதவின் அடியில் விரலால் குத்திக் குத்தி இறுக்கினேன். ஒரு ஊதுபத்தியையும் கொளுத்திப் பார்த்தேன். புகை அசையாமல் மேலே போனது. மாமாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குக் குழந்தை அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதது. துணிக்கும் பஞ்சுக்கும் குளிரைத் தடுக்கத் தெரிந்தது, அழுகையைத் தடுக்கத் தெரியவில்லை. அப்பா தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். "இன்னைக்கு லீவு சொல்லிருங்க, வண்டிய எடுக்க வேணாம்" என்று அம்மா கெஞ்சினாள். மாற்று டிரைவர் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். இத்தனை நாள் சமர்த்தாக இருந்த குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அன்று மத்தியானம் அழுகைக்கு நடுவே பெரியம்மாவின் குரல் வந்தது. இந்தத் தடவை கோபமே இல்லை. "அழுவாதடா ராசா. அந்தக் காத்த அடைச்சுப்புட்டாகடா. நமக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். நடுக் கதவைப் பார்த்தார். போய்க் குந்தி உட்கார்ந்து, இடுக்கில் விரலை விட்டு என் பொதியை உருவினார். அதை எப்படியும் நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், பாவாடையில் போட்ட பூ அவருக்குத் தெரியும். "நான்தாம்ப்பா" என்றேன். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் பொதியை என் மடியில் போட்டார். "இந்தா. தலைக்கு வச்சுத் தூங்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. அப்பா சாயங்காலம் வரை தூங்கினார்.

அம்மா போனில் மாமாவிடம் கேட்டாள். "அந்தப் புள்ள தூங்குனாத்தானக்கா மச்சான் தூங்குவாரு. அதான் விட்டேன்" என்றார் மாமா. கேட்டு நான் அசந்துபோனேன். ஓட்டையை அடைக்க எத்தனையோ பேர் இருக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்று தெரிந்தவர் என் மாமா ஒருவர்தான். அதற்கு மேல் அதில் புரிந்துகொள்ள ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோடை முடியும் வரை பெரியப்பாவும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா மட்டும் புதிதாக ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். படுக்கப் போகும் முன் ஏசியைப் பதினெட்டில் வைப்பார். கழுத்து வரை கம்பளியை இழுத்துப் போர்த்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பார். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போது எங்கள் அப்பா உள்ளே கொடைக்கானல் போனவர் மாதிரிக் கிடப்பார். "எதுக்கு இப்புடி வெறச்சுக்கிட்டுக் கெடக்கீக" என்று அம்மா கேட்டால், "எனக்கு இப்பிடித்தான் தூக்கம் வருது" என்பார். அப்பாவுக்குக் குளிர் என்றால் அவ்வளவு பிடிக்கும் என்று ஸ்கூலில் கட்டுரைகூட எழுதினேன்.

போன வருடம் அப்பா முதல்முறையாகச் சென்னையில் என் வாடகை வீட்டுக்கு வந்தார். அவருக்காகவே மத்தியானம் ஏசியைப் பதினெட்டில் வைத்து, கம்பளி ஒன்றையும் எடுத்து வைத்தேன். பத்து நிமிடம் படுத்திருந்தவர் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா இம்புட்டுக் குளிர வச்சிருக்க? இருபத்தாறுல வையி. எனக்குச் சின்னதுல இருந்தே குளிரு ஆகாது."