வெயிலுக்குச் சாகாத செடி

சூரியநெல்லியில் தேயிலை பறிக்கிறவள் நான். போன கோடையில் தோட்டத்துக்காரர்கள் கட்டித் தந்த எங்கள் லயத்து வீட்டு வாசலில் நான் வைத்த ரோஜாவெல்லாம் கருகிப்போயின. பழைய லயம் இடிந்துகிடக்கும் மேட்டில் மட்டும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே ஒரு செடி வாள் போன்ற இலைகளோடு பச்சையாக நின்றது. கேட்பாரற்ற செடிதானே என்று வேரோடு பெயர்த்து வந்து வாசலில் நட்டேன். ஆப்பிரிக்க ஐரிஸ் என்றார் நர்சரிக்காரர்.

மழை தொடங்கியதும் பூத்தது. வெள்ளை இதழ், நடுவில் ஊதா. காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும்.

முன்பு அந்தப் பழைய லயத்தில் குடியிருந்த செல்லம்மா அக்கா இப்போது போடிமெட்டில் மகளோடு இருக்கிறார். ஒருநாள் என் வாசலில் வந்து நின்று பூவையே பார்த்தார்.

"இத எங்க இருந்துடி எடுத்தே?"

சொன்னேன்.

"என் மகனப் புதைச்ச எடம்டி அது. கல்லு நட்டா யாராச்சும் பிடுங்கிப் போட்டுருவாகன்னு, வெயிலுக்குச் சாகாத செடியாப் பாத்து வச்சேன். காலையில இருந்து மேடு பூராம் தேடிட்டு வாறேன்."

அப்போதே செடியைப் பெயர்த்துக்கொண்டு இருவரும் மேட்டுக்குப் போனோம். அங்கே காட்டுப்பன்றிகள் ஈர மண்ணைக் கிளறி, பார்த்த இடமெல்லாம் குழியாக்கியிருந்தன. நான் தோண்டியது எது என்று எனக்கே தெரியவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணுல வையி" என்றார் அக்கா.

வைத்தேன். வேர் பிடித்துவிட்டது, பூக்கவும் செய்கிறது. ஆளில்லாத இடத்தில் பச்சையாக நிற்கும் எதிலும் இப்போது நான் கை வைப்பதில்லை. கொழுந்து பறிக்கப் போகும்போது அந்த மேட்டில் ஏறாமல் சுற்றித்தான் நடக்கிறேன். எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை.