டாக்டரின் அவசரம்
பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த டாக்டர், அந்த ஊர் மொழியை நோயாளிகளிடமே கற்றுக்கொண்டார். வந்த புதிதில் "நாக்கை நீட்டுங்க" என்பதற்குப் பதிலாக "காதை நீட்டுங்க" என்று சொல்லி, காய்ச்சல்காரர்களையும் சிரிக்க வைத்தவர். வீட்டுக்கு வெளியே கடை, வங்கி, பள்ளிக்கூடம் எதுவானாலும் அவரே பேசிக்கொள்வார். மனைவி நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது. திடீரென்று அவளைத் தனியாக வங்கிக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றுகொண்டார். பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கோபமே வராத மனிதர், அவள் தடுமாறியபோது எரிந்து விழுந்தார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டோடு கிளினிக்குக்குப் போனாள். நோயாளிகள் படுக்கும் கட்டிலில் அவரே படுத்து, சட்டையை விலக்கி, விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

அவர் எழுந்து பொத்தானைப் போட்டார். "கல்லு மாதிரி இருக்கும்மா. இதை எத்தனையோ பேருக்குத் தொட்டுப் பாத்திருக்கேன்."

"மருந்து இருக்குல்ல?"

"வலிக்கு இருக்கு."

அவள் சாப்பாட்டை மேசைமேல் வைத்தாள். "பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"நானே சொல்றேன். நீ பக்கத்துல மட்டும் இரு."

அன்று மாலையே சொன்னார். மகள் அழுதாள். மகன் நம்பாமல், வேறு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சண்டை பிடித்தான். அவன் மனம் ஆறட்டும் என்று போய்க் காட்டினார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

கோடை முடியுமுன் போய்விட்டார். பூட்டியிருப்பது தெரிந்தும் ஜனங்கள் கிளினிக்கின் படியேறி வந்து, சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.