குறையாத ஆயில்

வெள்ளிமலைப் பக்கத்து ஏரியில் சவாரி விட, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் சின்ன ஜெட் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வந்த நாளிலிருந்தே இஞ்சின் முனகியது.

எங்கள் பக்கத்தில் ஆயிலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் கிடையாது. "கெட்டியா ஊத்துங்க, சூடு தாங்கும்" என்றார் சங்கராபுரத்து டிராக்டர் மெக்கானிக். "கெட்டி ஆவாதுங்க, பைக் ஆயில்தான் சரி" என்றார் கடைக்காரர். படகோடு வந்த புத்தகமோ ஜப்பான் மொழியில் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றியதில் முனகல் ஜாஸ்தியானதுதான் மிச்சம். ஒரே ஆறுதல், ஆயில் அளவு குறையவே இல்லை. எங்கள் டிராக்டர் மாதிரி ஆயில் குடிக்கிற இஞ்சின் இல்லை இது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கல் விடுமுறையில், கரை நிறையக் கூட்டம் காத்திருக்க, இஞ்சின் அடியோடு நின்றது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, பால் ஊத்துன டீ மாதிரி கீது?"

ஆயில் குறையாதது மட்டுமல்ல, கம்பியின் மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. நான் ஊரெல்லாம் யோசனை கேட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், ஏதோ ஒரு விரிசல் வழியாக ஏரி இஞ்சினுக்குள் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். "இன்னா ஆயில்ங்க ஊத்துறீங்க?"