வாக்குச்சீட்டின் பின்பக்கம்

மொன்றியலின் சென்ட் லோரன்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஜொய்சிக்கு வேலை. ஆனால் எங்கள் மாதா கோவிலில் அவளை அந்த வேலையால் யாரும் அறிந்ததில்லை. பிரெஞ்சில் அரசாங்கக் கடிதம் வந்தாலும், பிள்ளைக்குக் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்பதென்றாலும், பூசை முடிந்ததும் படிவத்தோடு எல்லோரும் தேடுவது அவளைத்தான். ஜொய்சியிடம் கொடுத்தால் பிழை வராது என்பது இருபது வருடப் பேச்சு. அதைக் கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவும். பாவம், அந்த வெளிச்சமே ஒருநாள் அவளைச் சுட்டது.

அவளுடைய அண்ணன் றெனோல்ட் அமெரிக்காவில், நியூஜெர்சியின் ஒரு சிறு ஊரில் இருக்கிறார். மனைவி இறந்த பின் தனி மனிதர். சென்ற ஒக்ரோபரில் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வைத்தியர்கள் வாயு அடைத்திருந்ததால் விமானம் ஏறக்கூடாது. நாள் முழுவதும் தலையைக் குனிந்தே இருக்கவேண்டும். மற்றக் கண்ணோ ஏற்கெனவே மங்கல். அவரை ஆறு மணித்தியாலம் கார் ஓட்டிக் கொண்டுவந்து ஜொய்சியின் வீட்டில் இறக்கியவள், அவருடைய பக்கத்து வீட்டுக் கிறேஸ். மன்னார்ப் பெண். சொந்தத் தங்கை செய்திருக்கவேண்டியதை அவள் செய்தாள்.

கிறேஸின் மகன் ஐந்து வயதுவரை பேசாமல் இருந்தவன். அந்த நியூஜெர்சி ஊர்ப் பள்ளியில் இருந்த தனி வகுப்பு ஒன்றுதான் அவனுக்கு வாயைத் திறந்துவிட்டது. அந்த வகுப்பை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நவம்பர்த் தேர்தலில் பள்ளிச் சபைக்கு அவளே போட்டியிட்டாள்.

இரண்டு கிழமையில் றெனோல்டின் வாக்குச்சீட்டு தபாலில் மொன்றியலுக்கு வந்தது. ஜொய்சி அதை மேசையில் விரித்தாள். அவர் தலையைக் குனிந்தபடியே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டுத் தேர்தலை அவளுக்கு விளங்கப்படுத்தினார். ஜனாதிபதியிலிருந்து ஊர்ச் சபைவரை ஒரே நாளில், ஒரே தாளில் போடவேண்டும். கட்சிக்காரர் யாரை நிறுத்துவது என்பதற்கே முன்கூட்டி இன்னொரு வாக்கெடுப்பு உண்டு. ஜனாதிபதிக்குப் போடுவதை மாநிலம் மாநிலமாக எண்ணுவார்கள். தன் மாநிலம் எந்தக் கட்சிப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

"மேல போடுறது கடலில கரைக்கிற உப்பு, பிள்ளை. கீழ போடுறதுதான் கறிக்குப் போடுற உப்பு. கிறேஸின்ர பேரை விட்டிடாதை."

ஜொய்சிக்குத் தெரிந்த தேர்தல் வேறு. இங்கே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனால் கையளவு தாள் தருவார்கள். ஒரு பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளடி போட்டால் கதை முடிந்தது. இந்தத் தாளிலோ கட்சிக்கு ஒரு வரிசையாகப் பெயர்கள் நிறைந்திருந்தன. அண்ணன் சொன்ன வட்டங்களை நிரப்பினாள். ஜனநாயகக் கட்சி வரிசையில் கிறேஸைத் தேடினாள். குடியரசுக் கட்சி வரிசையிலும் தேடினாள். இல்லை. அவள் எந்தக் கட்சி என்று கேட்டாள். பள்ளிச் சபைக்குக் கட்சி கிடையாது என்றார் அவர்.

கட்சி இல்லாதவளுக்கு இந்தத் தாளில் என்ன இடம் என்று ஜொய்சி நினைத்தாள். அண்ணன் வேறு ஏதோ தேர்தலோடு குழப்புகிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேலைக்குப் போகும் பேருந்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. பெயரைக் காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவள், தன் அண்ணனின் தாளில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் ஆவதா?

"கிறேஸுக்குப் போட்டாச்சோ?"

"ஓம் அண்ணை, போட்டாச்சு."

அவருடைய கையைப் பிடித்துக் கையெழுத்து இடவைத்தாள். உதவி செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை அழகாக எழுதினாள். தாளை மடித்து உறையில் இட்டபோதும் அதன் மறுபக்கம் அவள் கண்ணில் படவில்லை.

நவம்பர் கடைசியில் றெனோல்டைக் கூட்டிப்போகக் கிறேஸ் வந்தாள். ஜொய்சி இறால் குழம்பும் பிட்டும் வைத்திருந்தாள். கிறேஸ் பிட்டைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. ஆயிரத்து இருநூற்று நாலுக்கு ஆயிரத்து இருநூற்று மூன்று. ஒரு வாக்கால் தோற்றிருந்தாள். திரும்ப எண்ணியும் அதே கணக்குத்தான். ஒன்று கூட வந்திருந்தால் சமம். சமமென்றால் மறுபடி தேர்தல் வைத்திருப்பார்கள்.

"என்ர வோட்டும் இல்லாட்டி ரெண்டால தோத்திருப்பாய்," என்று றெனோல்ட் அவளைத் தேற்றினார்.

ஜொய்சி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சட்டி சுட்டது அவளுக்குத் தெரியவில்லை.

கிறேஸ் தன் கைபேசியில் மாதிரிச் சீட்டின் படத்தைக் காட்டினாள். முன்பக்கம் கட்சிகள். விரலால் தள்ளினாள். பின்பக்கத்தில், கட்சி எதுவும் இல்லாமல், பள்ளிச் சபை. இரண்டாவதாகக் கிறேஸின் பெயர். எத்தனை வீட்டு வாசலில் நின்று, தாளைத் திருப்பிப் பாருங்கள் என்று கெஞ்சியிருப்பேன் என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறகு முகம் இறுகியது.

"ஆர் போடேல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. அருமைநாதன் அண்ணைதான். கேட்டால் திருப்பினது ஞாபகம் இல்லையாம். பிறகு சத்தியம் பண்ணுறார். நான் அந்த வீட்டுப் படி மிதிக்கிறேல்லை. இப்ப அங்க எங்கட கோவிலில ஒருத்தரும் அவரோட கதைக்கிறேல்லை."

அருமைநாதன் எழுபது வயது மனிதர், கிறேஸின் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறவர் என்று றெனோல்ட் மெல்லச் சொன்னார். இப்போது கூட்டிவருவதில்லை.

ஜொய்சி சாமான்களைக் காருக்குள் வைத்தாள். அண்ணனுக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள். பேசாமல் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடத்தில் கார் போய்விடும். யாருக்கும் ஒருபோதும் தெரியவராது. உறைக்குள் போன சீட்டு யாருடையது என்று எந்தக் கடவுளிடம் போய்க் கேட்பார்கள்? ஆனால் முகம் தெரியாத ஒரு கிழவர், யாரும் பேசாத கோவிலில் கடைசி வாங்கில் இருப்பது அவள் கண்ணுக்குள் நின்றது.

கிறேஸ் காரைக் கிளப்பப்போனபோது ஜொய்சி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திருப்பேல்லை," என்றாள். "அண்ணைக்குப் பொய் சொன்னனான். உன்ர பேரைக் காணேல்லை. காணேல்லை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது."

கிறேஸ் அவளைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஜொய்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வைத்தியர் நிமிரலாம் என்று சொல்லி ஒரு மாதமான றெனோல்ட், பழையபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியேல்லை எண்டு சொன்னால் நான் என்ன நினைச்சிருப்பன், தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

கிறேஸ் கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி, அதை ஜொய்சியின் கையில் வைத்தாள். அங்கே மணி இரண்டு தரம்கூட அடிக்கவில்லை.

"கிறேஸே? வைச்சிடாதை பிள்ளை," என்றது நடுங்கும் குரல். "மாதாவாண உனக்குத்தான் போட்டனான்."

ஜொய்சியின் கண்ணீர் கைபேசியில் விழுந்தது. உதட்டைக் கடித்து, விட்டு, பேசினாள்.

"அண்ணை, நான் கிறேஸ் இல்லை. றெனோல்டின்ர தங்கச்சி, மொன்றியலில இருந்து. தாளைத் திருப்பாத ஆள் நான்தான்."