தொப்புளில் ஒட்டிய பழம்

கினுயோவுக்கு வண்டி என்றாலே வயிறு புரட்டும். கல்யாணமாகி பீச் தோட்டத்து வீட்டுக்கு வந்த அன்றே, காரிலிருந்து இறங்கியதும் வாசலில் வாந்தி எடுத்தவள் அவள். "மருமக வந்ததும் வராததுமா உரம் போட்டுட்டா" என்று மாமனார் சிரித்தாராம். அதன் பிறகு சைக்கிள் போகிற தூரம்தான் அவள் உலகம். பிஞ்சுகளுக்குக் காகித உறை கட்டுவாள். வெயில் கீழிருந்தும் பட்டுப் பழம் நன்றாகச் சிவக்க, மரத்தடியில் பளபளக்கும் வெள்ளித்தாள் விரிப்பாள். முதல் பழத்தைத் தெருமுனை ஜிசோ சாமிக்கு வைத்துக் கும்பிடுவாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம்தான் குறை வந்தது. நாகோயாவில் இருக்கும் மகள் சிஹாருவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்து பெறுவதுதான் வழக்கம். ஆனால் மருத்துவர் அவளைப் பயணமே செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். இனி தாய்தான் போகவேண்டும். மலை தாண்டி அத்தனை தூரம் பஸ்ஸில். நினைக்கும்போதே கினுயோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டத்து மசுமி ஓடி வந்தாள். காந்த சக்தியில் மிதந்து பறக்கும் புது ரயிலின் சோதனை ஓட்டத்தில் உட்கார, குலுக்கலில் அவளுக்கு இரண்டு இடம் விழுந்திருந்தது.

"அக்கா, நீதான் என்கூட வர்ற. இதைத் தாங்கிட்டேன்னா பஸ்ஸெல்லாம் உனக்குத் தொட்டில் மாதிரி."

"அடிப்போடி. பக்கத்துல உக்கார்றவங்க துணியெல்லாம் நாசமாயிடும்."

"பக்கத்துல நான்தானே? பழைய துணியா உடுத்திக்கிட்டு வர்றேன், போதுமா?"

புறப்படும் காலையில் கணவர் எய்சாகு, உப்பில் ஊறிய உமேபோஷிப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் தொப்புளில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். வண்டி மயக்கத்துக்கு அந்த ஊரில் அதுதான் கைமருந்து.

"கூசுதுங்க!"

"சிரிக்காத, பழம் நழுவிடும். இங்க பாரு, ரயில் நம்ம தோட்டத்துக்கு நேரா சுரங்கத்தை விட்டு வெளியில வரும். நான் வெள்ளித்தாளைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு நிப்பேன். குனியாத. என்னையே தேடு."

மசுமியின் காரில் கண்ணை இறுக மூடி, வயிற்றில் கைவைத்து, சாமி பேரைச் சொல்லியே கினுயோ நிலையம் சேர்ந்தாள்.

ரயில் முதலில் சாதாரண வண்டிபோல் சக்கரத்தில் தடதடத்தது. அவள் வாந்திப் பையைப் பிரித்துக்கொண்டாள். திடீரென்று தடதடப்பு நின்றது. யாரோ கையில் ஏந்திக்கொண்டதுபோல் வண்டி மிதந்தது.

"எழும்பிடுச்சுக்கா!" என்று மசுமி கத்தினாள். முன்னால் திரையில் வேகத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போய் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டரைத் தொட்டது. சுரங்கத்துக்குள் காது அடைத்தது. கினுயோ எண்ணையும் பார்க்கவில்லை, மசுமியையும் பார்க்கவில்லை. கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காத்திருந்தாள். வெளிச்சம் வந்தது. பச்சையாக ஏதோ ஓடியது. மறுபடி இருட்டு.

"போச்சே! எங்க வீட்டுக்காரரு போயிட்டாரே!"

"வண்டி திரும்பி வரும்க்கா, அழாத."

திரும்பி வரும்போது கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு பளிச்! அவ்வளவுதான். "ஐயோ, அவருதான்!" என்று எழுந்தேவிட்டாள். பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். பை அவள் காலடியில் பிரித்தபடியே, சுத்தமாகக் கிடந்தது.

வீட்டு வாசலிலேயே சொன்னாள். "உங்களைப் பார்த்துட்டேங்க! நான் நாகோயா போறேன்."

எய்சாகு தலையைச் சொறிந்தார். "என்னையா பார்த்த? எல்லார் தோட்டத்துலயும்தான் வெள்ளித்தாள் கிடக்கு."

"அது நீங்கதான்."

"சரி, நான்தான். ஆனா இதைக் கேளு." சட்டைப்பையிலிருந்து தாளில் மடித்த எதையோ எடுத்தார். நசுங்கிய உமேபோஷி. "நீ போன கையோட என் செருப்புல ஒட்டிக்கிச்சு. வாசப்படியிலயே நழுவ விட்டுட்டுப் போயிருக்க."

கினுயோ சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிளாஸ்திரி மட்டும் ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கூடையில் நல்ல பீச் பழமாக ஒன்று பொறுக்கி, ஜிசோ சாமியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"அப்போ நாகோயாவுக்குப் பழம் வேண்டாம்ல?" என்றார் எய்சாகு.

"எதுக்கும் ரெண்டா ஒட்டிவிடுங்க" என்றாள் கினுயோ.