சத்தம் போடாத கேமரா

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் சுற்றுகிறவன் நான். பழைய கேமராதான் என் ஒரே சொத்து. நண்பர் பாஸ்கர் புது மிரர்லெஸ் கேமரா வாங்கியதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

போன மாதம் ஸ்ரீரங்கம் கொள்ளிடக் கரையில், நான் நான்கு வருடமாகத் தேடிய நீர்நாய் தலைதூக்கியது.

"இதுல எடுங்கண்ணே" என்று பாஸ்கர் தன் கேமராவைக் கொடுத்தார். பலமுறை அழுத்தியும் சத்தமே வரவில்லை. உள்ளுக்குள் எனக்குக் குஷி.

"புதுசு படுத்துடுச்சு தம்பி!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு என் கேமராவை அழுத்தினேன். அதன் 'டக்' சத்தத்தில் நீர்நாய் முங்கிவிட்டது.

பாஸ்கர் தன் கேமராவின் திரையைக் காட்டினார். மீசை வரை தெளிவாக நீர்நாய்! "இது சத்தம் போடாதுண்ணே. உங்களுதுதான் அதை வெரட்டிடுச்சு."

இப்போது என் கேமராவைத் துண்டில் சுற்றித்தான் படம் எடுக்கிறேன். நான் எடுத்த ஒரே நீர்நாய் அவர் கேமராவில் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.